திருகோணமலை ஏன் சேர்ஃபிங் ஊராகவில்லை?

கேள்வி, 2024 ஜூன் 9

அண்ணை, நான் கலிபோர்னியா வந்து மூன்று வருசம். இங்கே சான் கிளமெண்டிக்குத் தெற்கே ஒரு கரை இருக்கிறது. ஒரு பக்கம் மரைன் படையின் பெரிய முகாம், மறுபக்கம் விடிவதற்கு முன்பே அலைச்சறுக்குப் பலகையோடு தண்ணீரில் நிற்கிற சனம். பார்த்தவுடன் ஊர் ஞாபகம்தான் வந்தது. எங்களுக்கும் நேவி இருக்கிறது, கடல் இருக்கிறது, கரை இதைவிட வடிவு. யுத்தமும் நேவியும் இல்லையென்றால் அலைச்சறுக்கில் தெற்கே அறுகம்குடாவுக்குக் கிடைத்த பெயர் திருகோணமலைக்குத்தான் கிடைத்திருக்கும் என்கிறேன். சரியா, பிழையா?

ஜூன் 9, இரவு

பாதி பிழை, தம்பி. யுத்தம் எங்கள் கடலைப் பூட்டியது உண்மை, அதற்குள் வளர்ந்தவன் நான். ஆனால் நீர் சொல்கிற அந்த அலை, ஏறி நின்றால் நூறு மீற்றர் கொண்டுபோகிற அலை, பூட்டாவிட்டாலும் எங்கள் கரைகளான உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ வந்திராது. இப்போது ஜூன் மாதம், அறுகம்குடாவில் சீசன் களைகட்டியிருக்கும். இங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. இன்று பின்னேரம் டச்சுக்குடாவில் அரை மணித்தியாலம் நின்றேன். அலை வந்து காலை நனைத்ததே தவிர ஒரு சின்னப் பிள்ளையைக்கூடத் தள்ளவில்லை. காரணத்தை ஆறுதலாக எழுதுகிறேன்.

ஜூன் 11

எங்கள் துறைமுகம் ஆழம். விசயம் அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே தொடங்கி வெளிக்கடலுக்கு இறங்கிப் போகிறது. நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அந்த ஆழத்தினால்தான். அலை உடையவேண்டுமென்றால் அதன் அடி தரையில் தட்டவேண்டும். வெளியிலிருந்து ஓடிவருகிற அலையின் கால், மேடாகிக்கொண்டு வருகிற தரையில் இடறினால்தான் தலை முன்னால் சாய்ந்து சுருளும். அறுகம்குடாவில் முனையைச் சுற்றி அந்தச் சரிவு அமைந்திருக்கிறது. அலை மொத்தமாக விழாமல் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக உடைந்துகொண்டு போகும், பலகைக்காரர் உடைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பார். ஆழமில்லாத இடத்தில் பெரிய கப்பல் நிற்காது, ஆழமான இடத்தில் அலை உடையாது. எங்களுக்கு வாய்த்தது கப்பல்.

ஜூன் 13

மேலே எழுதியதைத் திருத்தவேண்டும். துறைமுக வாயிலுக்கு அது பொருந்தும், உப்புவெளிக்குப் பொருந்தாது. உப்புவெளியில் மணல் தரைதான், கனதூரம் இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம். அங்கே அலை இல்லாததற்குக் காரணம் வேறு.

நேற்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். மே முதல் ஒக்டோபர் வரை வருகிற நல்ல அலை எங்கள் காற்று எழுப்பியதல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அங்கே மாரிகாலம் நடக்கும்போது, புயல்கள் எழுப்பி அனுப்புவது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவந்து இலங்கையின் தென்கிழக்கு மூலையில் முட்டுகிறது. அறுகம்குடா இருக்கிற பொத்துவில் அந்த மூலையில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் வடக்கே சங்கமன்கண்டி முனை, இலங்கையின் கிழக்கு எல்லையே அதுதான். அதைத் தாண்டியவுடன் கரை வடமேற்காகச் சாய்ந்து மட்டக்களப்பு, வாகரை, மூதூர் என்று உள்வாங்கிக்கொண்டே போகிறது. அதாவது தெற்கிலிருந்து வருகிற அலைக்கு நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றும் அந்த மாதங்களில் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கிட்டத்து நீரும் தட்டையாகிவிடும்.

ஆகவே ஆழம் ஒரு காரணம், கரையின் சாய்வு பெரிய காரணம். இரண்டையும் படைத்தவன் நேவிக்காரன் இல்லை.

ஜூன் 16

ஆனால் அந்த இரண்டும்தான் படைகளை இங்கே கொண்டுவந்தது. அடங்கின கடல், மலைகளுக்குப் பின்னால் ஒளிந்த உள்துறைமுகம், எந்தப் பருவத்திலும் கப்பல் நிற்கக்கூடிய ஆழம். பாய்மரக் காலத்தில் வாடை தொடங்கினால் இந்தியாவின் கிழக்குக் கரையில் போர்க்கப்பல் நிறுத்த இடமில்லை, எல்லோர் கண்ணும் இங்கேதான் விழுந்தது.

போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து கொஞ்சக் காலத்தில் போனார்கள். 1782ஐ மட்டும் எடுத்துப் பாரும்: ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பிடித்தார், செப்டெம்பர் 3ஆம் தேதி வெளிக்கடலில் பெரிய கடற்சண்டை. ஒரே வருசத்துக்குள் மூன்று கொடி. சமாதானத்தில் திரும்ப ஒல்லாந்தருக்குப் போய், 1795இல் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாக வந்தது. கோட்டைக்கு பிரெட்றிக் என்ற பெயர் 1803இல், அரசரின் மகன் ஒருவரின் பெயர். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்கு எங்கள் ஊரின் பெயரை வைத்தார்கள். அது இன்னும் இங்கிலாந்தில் ஹாட்டில்பூலில் தண்ணீரில் நிற்கிறது.

இப்போது கோட்டைக்குள் புள்ளிமான் மேய்கிறது. கோயிலுக்குப் போகிற சனம் வாழைப்பழத்தோலை நீட்ட, பக்கத்தில் துவக்கோடு நிற்கிற சிப்பாயைத் தாண்டி மான் வந்து வாங்கித் தின்னும். வெளியூர்க்காரர் அதைப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போனதால் துவக்கு கண்ணில் படுவதே இல்லை.

ஜூன் 17

தனியாக ஒருவர் கேட்டிருந்தார்: 1948இல் ஆங்கிலேயர் போய்விட்டார்கள்தானே, பிறகு 50களிலும் இங்கே பிரித்தானியக் கடற்படை இருந்ததாமே, எப்படி என்று. சுதந்திரம் 1948, ஆனால் பாதுகாப்பு ஒப்பந்தப்படி தளம் அவர்களிடமே இருந்தது. பண்டாரநாயக்கா அரசாங்கம் பேசி 1957 ஒக்டோபர் 15இல்தான் கடற்படைத் தளம் கைமாறியது, கட்டுநாயக்கா விமானத்தளம் நவம்பர் முதலாம் தேதி. நாடு விடுதலையாகி ஒன்பதரை வருசம் கழித்துத்தான் எங்கள் துறைமுகம் விடுதலையானது.

ஜூன் 30

1957 எங்கள் வீட்டில் கொண்டாட்டமாக நடக்கவில்லை. அப்பப்பா டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் திருத்தும் இடத்தில், பிற்றர். வெள்ளைக்காரன் போனதும் வேலை போயிற்று. அவருக்கு மட்டுமல்ல, ஊரில் கனபேருக்கு. யாட்டை நம்பிக் கடை வைத்தவன், தையல்காரன், சைக்கிள் திருத்துகிறவன் எல்லோரும் சேர்ந்து சோர்ந்துபோனார்கள். படை ஒரு ஊரை ஊட்டி வளர்த்தால் அது போகும்போது பசியும் விட்டுப் போகும் என்பதை அவர் வாயால் கேட்டிருக்கிறேன், இந்தச் சொல்லால் அல்ல, “சம்பளக் கிழமை சத்தமில்லாமல் போச்சு” என்பார்.

அவருடைய பித்தளை வில்லை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. ஒரு ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே நூல் கோர்க்க ஓட்டை, நடுவில் அடித்த இலக்கம். கடைசி எண் கைபட்டுத் தேய்ந்து மூன்றா எட்டா என்று தெரியாது. காலையில் வாயிலில் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுக்கவேண்டியது, கடைசி நாள் அவர் கொடுக்காமல் வந்துவிட்டார்.

1942 ஏப்ரல் 9 அவருக்கு நல்ல ஞாபகம். யப்பானிய விமானங்கள் காலையிலேயே வந்தன. துறைமுகம், பக்கத்திலுள்ள சீனக்குடா விமானத்தளம் எல்லாம் குண்டு. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. குடும்பம் தம்பலகாமத்துக்கு நடந்தே போனது, வழி முழுக்க பின்னால் புகை தெரிந்ததாகச் சொல்வார். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் அவுஸ்திரேலிய வம்பயரையும் அன்றைக்கே மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடித்தார்கள். தாக்குதல் வருமென்று தெரிந்து துறைமுகத்தை விட்டு வெளியேறிய கப்பல்கள் அவை. இன்று ஹேர்மிஸின் உடைந்த உடலைப் பார்க்கச் சுழியோடிகள் போகிறார்கள்.

ஜூலை 8

அந்த எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கேட்டீர்கள். சீனக்குடாக் காட்டுக்குள் இப்போது 99 இருக்கிறது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். யானை உலாவுகிற காடு. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே இந்தத் தாங்கிகள் இருக்கின்றன. 2003இல் இந்தியக் கம்பனி வந்தது. 2022 ஜனவரியில் திரும்பப் பிரித்தார்கள்: 14 அவர்களுக்கு, 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. நூறு வருசத்துக்குக் கிட்ட முன்பு ஒரு கடற்படை தன் கப்பலுக்கு எண்ணெய் சேர்க்கக் கட்டியது, இன்றைக்கும் இரண்டு நாடு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. அலைச்சறுக்கு எங்கே, இது எங்கே என்று நினைப்பீர், வந்துவிடுகிறேன்.

ஜூலை 21

தம்பி, நீர் சொன்ன கரையைப் பற்றி வாசித்தேன். சான் ஒனோஃப்ரேயில் 1930களிலேயே பலகைக்காரர் இருந்திருக்கிறார்கள். 1942இல் மரைன் முகாம் வந்து கரையோடு சேர்த்து நிலத்தை எடுத்தது. 1952இல் ஒரு கழகமாகச் சேர்ந்து படையிடம் அனுமதி வாங்கினார்கள். பக்கத்திலுள்ள ட்ரெஸல்ஸ், ரயில் பாலத்தின் மரத்தாங்கியால் பெயர் வந்த இடம், அதற்கு அனுமதி இல்லை. ஒளித்துப் போய் அலை ஏறினார்கள், மரைன்கள் துரத்திப் பலகையைப் பறித்தார்கள். 1971இல் அந்தக் கரை மாநிலப் பூங்காவாகத் திறந்தது. நிலம் இன்னும் படையுடையதுதான், குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.

வாசித்துவிட்டு நான் பொறாமைப்பட்டேன், மறைக்கவில்லை. அலைக்காக அல்ல. துரத்தினால் பலகைதான் போகும் என்ற நம்பிக்கையோடு ஒருவன் படை வேலிக்குள் நுழைந்திருக்கிறான் பாரும், அதற்காக.

ஓகஸ்ட் 3

இதை எழுதுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

நான் வளர்ந்த காலத்தில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும். எந்த நேரம் இறங்கலாம், எத்தனை குதிரைவலு எஞ்சின் பூட்டலாம், எதுவரை போகலாம் எல்லாவற்றுக்கும் கணக்கு. இரவில் கடல் இல்லை. சில மாதம் பகலிலும் இல்லை. சித்தப்பா ஒரு வள்ளம் வைத்திருந்தார். ஒருநாள் பாஸ் புதுப்பிக்கப் போய் காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை வெயிலில் நின்று, படம் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் அவர் போகவில்லை. வள்ளத்தைக் கவிழ்த்துவைத்து ஓலை போட்டு மூடினார், அந்த வருசம் மேசன் வேலைக்குப் போனார். வள்ளத்தின் அடிப்பலகையில் இடைவெளி விழுந்து, உள்ளே இருந்து பார்த்தால் கோடு கோடாக வெளிச்சம் வரும். அதற்குள் படுத்து நான் புத்தகம் வாசித்திருக்கிறேன்.

என் சொந்தத் தம்பிக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் எனக்குப் பின்னால் பிறந்த ஏழெட்டுப் பேருக்குத் தெரியாது. கடலிலிருந்து முந்நூறு யார் தள்ளி வீடு. “கரைக்குப் போகாதே, சென்றி பார்த்தால் பிரச்சினை” என்று காவலரணைக் காட்டித்தான் அம்மாமார் வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது.

ஆகவே நீர் கேட்டதற்கு என் பதில் மாறியிருக்கிறது. அலை இல்லாதது நட்டமில்லை, அது கரையின் சாய்வு. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் கடலுக்குள் இறங்காமலே வளர்ந்ததுதான் நட்டம்.

ஓகஸ்ட் 4

மேலே “ஏழெட்டுப் பேர்” என்று எழுதியிருந்தேன். இன்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

ஓகஸ்ட் 19

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். கடலுக்குள் இறங்கினவர்களும் இருந்தார்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலைக்குக் கீழே சுழியோடி, இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைத் தரையில் கண்டார்கள். மேலே புதிய கோயில் கும்பாபிசேகம் 1963இல். மலையின் இராவணன் வெட்டில் நின்று கீழே பார்த்தால் நீலம் கறுப்பாகிற ஒரு கோடு தெரியும். அம்மம்மா அந்த இடத்தில் எப்போதும் இரண்டு கையாலும் கும்பிடுவார், கோயிலுக்கு அல்ல, தண்ணீருக்கு. ஏன் என்று கேட்டபோது “சாமி பாதி கீழேதானே இருக்கு” என்றார்.

ஊருக்குள் இன்னொரு இடம், எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சாள்ஸ், கடற்படை அட்மிரல், 1852இல் பர்மாவில் இறந்து இங்கேதான் அடக்கம். அந்தப் பக்கமாக நூறு தடவை நடந்திருப்பேன், நாற்பது வயதில்தான் தெரியும். படை கொண்டுவந்து போட்டவர்கள் எங்கள் மண்ணுக்குள் நிறையப் பேர்.

செப்டெம்பர் 14

அறுகம்குடா போய்வந்தோம். மகளுக்குப் பதினைந்து வயது, இந்த இழையை அவளும் வாசிக்கிறாள், “எழுதுகிறீர்கள், ஒருநாளாவது பார்த்தீர்களா” என்று கேட்டாள். நான் பார்த்திருக்கவில்லை.

மட்டக்களப்பு வழியாக ஆறு மணித்தியாலம். கிண்ணியாப் பாலம் 2009இல் வருமுன் அங்கே பாதையில் (ஆற்றைக் கடக்கிற மிதவையில்) ஏறி, இறங்கி, அடுத்த ஆற்றில் திரும்ப ஏறவேண்டும். இப்போது பாலத்தில் ஒரு நிமிசம்.

முனையில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பிடித்து எண்ணினேன். ஒரு அலை உடைந்து அடுத்தது உடைய 13 செக்கன், 14, திரும்ப 13. இடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அந்த நேரத்தில் பலகைக்காரர் வரிசையாக உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. வெளிநாட்டுச் சனத்தோடு உள்ளூர்ப் பொடியன்களும் நின்றார்கள். தண்ணீரில் தமிழும் சிங்களமும் கலந்து கேட்டது. அப்பன்மார் மீன் பிடித்த கரையில் மகன் சேர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறான்.

மகள் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பேபி பொயின்ட்டில் இரண்டு மணித்தியாலம் பழகினாள். சொல்லிக்கொடுத்தது ஒரு உள்ளூர்ப் பெண். அங்கே 2018இல் பெண்களுக்கென்று கழகம் தொடங்கினார்கள், இலங்கையில் முதலாவது. மகள் பதினேழு தரம் விழுந்தாள். பதினெட்டாவது தரம் முழங்காலில் நின்று கரைவரை வந்தாள், எழும்பி நிற்கவில்லை. அது போதும் என்றாள். நான் கரையில் நின்று அழுதேன் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டாள், அது உண்மை.

ஒக்டோபர் 25

அறுகம்குடாவுக்குப் போகவேண்டாம் என்று முந்தநாள் அமெரிக்கத் தூதரகம் அறிவித்ததைப் பார்த்திருப்பீர்கள். பொலிசும் அதிரடிப்படையும் இறங்கியிருக்கிறது. நாங்கள் தேத்தண்ணி குடித்த அதே வீதியில் இப்போது சோதனைச்சாவடி. அலை உள்ள ஊருக்கும் துவக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு மகள் செய்தி அனுப்பினாள், “கடல் இன்னும் இருக்கு, காலையில் இறங்கினேன்” என்று பதில் வந்தது.

டிசம்பர் 8

வாடை வந்துவிட்டது. நவம்பர் கடைசி மழையில் ஒழுங்கை முழங்காலளவு தண்ணீர், இப்போதுதான் வடிந்தது.

இன்று உப்புவெளிக்குப் போய் அதே மணிக்கூட்டோடு எண்ணினேன். 6 செக்கன், 5, 7, பிறகு இரண்டு அலை ஒன்றன்மேல் ஒன்று. இது எங்கள் வங்கக் கடலில் பக்கத்துக் காற்று கிளப்புகிற அலை. குட்டை, கலங்கல், ஒழுங்கில்லை, நுரையோடு கரையை அறைகிறது. வள்ளங்களைப் பனையடிவரை இழுத்து வைத்திருக்கிறார்கள். கரைவலைக்காரர் வாடிக் குடிலுக்குள் வலை பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

தண்ணீரில் ஒரு பொடியன் மட்டும். பத்து வயது இருக்கும். மீன் பெட்டியின் ரெஜிபோம் (தெர்மோகோல்) மூடியை வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு நுரைக்குள் பாய்ந்தான். மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது, அந்தப் பக்கத்தைப் பின்னால் வைத்துக்கொண்டான். அலை அவனை இருபது யார் தள்ளி மணலில் உரசிவிட்டது. எழும்பி, காற்சட்டைக்குள் போன மணலைத் தட்டிவிட்டு, திரும்ப ஓடினான். மூன்று பெரிய அலையை விட்டு நாலாவதுக்கு இறங்கினான். வள்ளம் தள்ளுகிறவர்கள் எண்ணுகிற அதே கணக்கு, யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்.

என் தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். நாற்பத்திரண்டு வயதாகிறது. வருகிற ஏப்ரலில், கடல் அடங்கியதும், டச்சுக்குடாவில் நீந்தப் பழக்குகிறேன் என்றேன். உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “விடியக் காலையில் போவம், சனம் வர முதல்” என்றான்.